இடைவெளிக்குப் பிறகு ஜம்ப்களை மீட்ட அனுபவம்

ஃபிகர் ஸ்கேட்டிங் பழகி, பிறகு சில வருடங்கள் ஐஸ் பக்கமே போகாமல் இருந்துவிட்டு மறுபடி ஸ்கேட் கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, 'ஜம்ப் எல்லாம் மறந்து போயிருக்குமா?' என்றுதான். மறக்காது. எங்கே முழங்காலை மடக்குவது, எப்போது கையை உள்ளே இழுப்பது, எந்த நொடியில் திறப்பது என்ற வரிசையெல்லாம் ஆச்சரியப்படும் வேகத்தில் திரும்பி வந்துவிடும். கால்களின் பலமும் தசைநாண்களின் தாங்கும் சக்தியும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. ஞாபகம் முன்னால் ஓடும், உடம்பு பின்னால் மெதுவாக வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தில்தான் பெரும்பாலான காயங்கள் நடக்கின்றன. பயம் வந்து உட்கார்ந்துகொள்வதும் அங்கேதான்.

ஐஸை விட்ட சமயத்தில் எனக்கு ஆக்ஸெல் என்ற ஜம்ப் வரை எல்லா சிங்கிள் (ஒரு சுற்று) ஜம்ப்களும் கையில் இருந்தன. டபுள் (இரண்டு சுற்று) சால்கோவ் நல்ல நாட்களில் நிற்கும். அப்புறம் கணுக்காலில் ஒரு காயம், வேலை, வீட்டுப் பொறுப்புகள் என்று வருடங்கள் ஓடிவிட்டன. திரும்பி வந்து அவற்றை ஒவ்வொன்றாக மீட்டதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் இடப்பக்கமாகச் சுற்றி வலது காலில் இறங்குகிறவர். வலப்பக்கமாகச் சுற்றுகிறவர்கள் காலை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஐஸில் இறங்கும் முன் ஸ்கேட்டின் பூட்டை, அதாவது ஷூ பகுதியை, பாருங்கள். பழைய பூட்டை எடுத்துக் கணுக்கால் மடியும் இடத்தில் கையால் அழுத்தினால், துணி மாதிரி சுலபமாக மடிகிறதா? அப்படியானால் அது சாதாரணமாகச் சறுக்குவதற்குப் போதும், ஜம்புக்குப் போதாது. இன்னொரு பக்கம், பழைய நிலையை நினைத்து டபுள், டிரிபிள் செய்கிறவர்கள் போடும் கெட்டியான பூட்டைப் புதிதாக வாங்குவதும் சரியில்லை. பலம் குறைந்த கால் அதை மடக்க முடியாமல் திணறும். முழங்காலும் கணுக்காலும் மடியவில்லை என்றால் எழும்பவும் முடியாது, இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கவும் முடியாது. வருடங்கள் போனால் பாதத்தின் அளவும் வடிவமும்கூட மாறியிருக்கலாம். பழைய அளவை நம்பாமல் மறுபடி அளந்து பார்ப்பது நல்லது.

பிளேடில் மூன்று விஷயங்கள். ஆணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா, துரு ஏறியிருக்கிறதா, இரண்டு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா. மூன்றாவதைப் பார்க்க, நேரான லேசான பொருள் ஒன்றைப் பிளேடின் குறுக்கே விளிம்புகள் மேல் வைத்துப் பார்த்தால் போதும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் தீட்டியது சரியில்லை. உள் விளிம்பு உயரமாக இருக்கும் பிளேடில், வெளி விளிம்பிலிருந்து எழும்பும் லட்ஸ் ஜம்பைப் பழகினால், குறையை வருடக்கணக்கில் தன் உடம்பிலேயே தேடிக்கொண்டிருப்போம். தீட்டுபவரிடம் முன்பக்கப் பற்களில் கீழே இருக்கும் பெரிய பல்லைத் தேய்க்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். புதிதாகத் தீட்டிய பிளேடு ஐஸைக் கவ்விப் பிடிக்கும். அது பழகும்வரை ஜம்ப் வேண்டாம்.

திரும்பிய தொடக்க வாரங்களில் நான் ஜம்ப் செய்யவே இல்லை. ஆசை இருந்தது, அடக்கிக்கொண்டேன். இப்போதும் அந்த முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். கிராஸ் ஓவர் (வளைவில் ஒரு காலுக்குக் குறுக்கே மறுகாலை வைத்துப் போவது), த்ரீ டர்ன் (ஒரே காலில் முன்பின் திரும்புவது), மோஹாக் (காலை மாற்றித் திரும்புவது), முன்னோக்கியும் பின்னோக்கியும் உள், வெளி என நான்கு எட்ஜ்களிலும் (பிளேடின் விளிம்புகளிலும்) நீளமான அரைவட்டங்கள், அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு ஜம்பின் தலையெழுத்து அதற்குள் போகும் எட்ஜிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. எட்ஜ் நடுங்கினால் காற்றில் அச்சு சாயும். சாய்ந்த அச்சைக் கையை இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

இந்தக் கட்டத்தில் நான் அதிக நேரம் கொடுத்தது லேண்டிங்குக்கு. முக்கியமான ஆறு ஜம்ப்களும், டோ லூப், சால்கோவ், லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்ஸெல் எல்லாமே, ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன: பின்னோக்கிப் போகும் வலது வெளி எட்ஜ். ஆகவே அந்த ஒரு நிலையைத் திடமாக்கினால் ஆறுக்கும் வாசல் திறக்கிறது. நான் செய்த வரிசை இது. முதலில் பின்னோக்கி கிராஸ் ஓவர் செய்து, வலது வெளி எட்ஜில் காலை வைத்து, முழங்காலை நன்றாக மடக்கி, இடது காலைப் பின்னால் நீட்டி, கைகளைத் திறந்து, வளைவு தானாக முடியும்வரை அசையாமல் நிற்பது. அது நடுங்காமல் வந்த பிறகு, இரண்டு காலில் பின்னோக்கிப் போகும்போது சின்னதாக ஒரு துள்ளல், வலது காலில் மட்டும் இறங்குவது. அதற்கும் பிறகு, நின்ற இடத்திலிருந்து வால்ட்ஸ் ஜம்ப் (முன்னோக்கி எழும்பி, அரைச் சுற்று மட்டும் சுற்றி இறங்குவது). உயரம் பற்றிக் கவலையே இல்லை. இறங்கிய காலில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பது மட்டுமே கணக்கு.

கூடவே பேக் ஸ்பின். வலது காலில் சுற்றி, இடது காலைக் குறுக்கே வைத்து, கைகளை நெஞ்சோடு சேர்க்கும் அந்த நிலைதான் காற்றில் நாம் எடுக்கும் நிலை. அதில் நிலையாகச் சுற்ற முடியாதவர் காற்றில் மட்டும் நேராக இருந்துவிட முடியாது. இடைவெளிக்குப் பிறகு ஸ்பின் செய்தால் தலை சுற்றும், குமட்டும். பழக்கத்தால் உள்காதும் மூளையும் சேர்ந்து கற்றுக்கொண்ட சமாதானம் போய்விட்டது என்பதுதான் காரணம். அதை மறுபடி பழக்கிவிடலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள், தலை தெளியும்வரை நின்றுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒரே நாளில் அடித்துப் பிடித்துச் செய்தால் அன்றைய பயிற்சியே போய்விடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எனக்குப் பல விஷயங்கள் இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தன. அரை நொடி காற்றில் இருக்க ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். 0.4 நொடிக்கு 20 சென்டிமீட்டர் போதும். அதாவது கால் பலம் குறைந்து உயரத்தில் 10 சென்டிமீட்டர் போனால் 0.1 நொடி போகிறது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் நொடிக்கு 4 சுற்று வேகத்தில் சுற்றும்போது 0.1 நொடி என்பது 0.4 சுற்று, கிட்டத்தட்ட அரைச் சுற்று. உடம்பில் பதிந்திருக்கும் பழைய நேரக்கணக்கு பழைய உயரத்துக்கானது. அந்தக் கணக்குப்படி கைகளை இறுக்கி, திறக்கும் நேரத்துக்காகக் காத்திருக்கும்போது, ஐஸ் முன்னதாகவே வந்துவிடுகிறது. கால்கள் குறுக்காக இருக்க, உடல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, பிளேடு ஐஸில் மாட்டும். முழங்காலும் கணுக்காலும் முறுக்கிக்கொள்வது இப்படித்தான். ஞாபகத்தை நம்பி டபுளுக்குப் போகாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த 10 சென்டிமீட்டர்.

உயரத்தைத் திரும்பப் பெறும் வேலை பெரும்பாலும் ஐஸுக்கு வெளியே நடப்பது. ஒற்றைக் காலில் மெதுவாக உட்கார்ந்து எழுவது, குதிகாலை உயர்த்தி மிக மெதுவாக இறக்குவது, தாழ்வான படியிலிருந்து ஒற்றைக் காலில் குதித்து அசையாமல் நிற்பது, இந்த மூன்றும் எனக்குப் பெரிய கைகொடுப்பு. மூன்றாவதைக் கண்ணாடி முன் செய்யுங்கள். முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தால் இடுப்புத் தசை இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். தரையில் சுற்றிக் குதித்துப் பழகுவதும் உதவும், ஆனால் அளவாக. ஐஸில் இறங்கும்போது பிளேடு வழுக்கிப் போய் அதிர்ச்சியில் ஒரு பங்கைக் கரைத்துவிடும். தரையில் ஷூவின் ரப்பர் அடிப்பாகம் அப்படியே பிடித்துக்கொள்ளும், முறுக்கு முழுவதும் மூட்டுக்குப் போகும்.

தசை சீக்கிரம் பலம் பெறும், தசைநாணும் எலும்பும் தாமதமாகத்தான் பழகும். 'கால் நன்றாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும் காலம்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம். மறுநாள் தொடை முழுக்க வலித்தால் பரவாயில்லை. முன்னங்காலிலோ பாதத்தின் மேலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி இருந்து, ஒவ்வொரு நாளும் கூடினால் ஜம்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நான் ஐஸில் இறங்கும் முன்பே, இன்று எந்த ஜம்ப், எத்தனை முறை என்று முடிவு செய்துவிடுவேன். நன்றாக வந்தாலும் அந்த எண்ணிக்கையைத் தாண்டுவதில்லை. உடம்பு சூடான பிறகு, களைப்பதற்கு முன்னால், இதுதான் ஜம்புக்கான நேரம். கடைசிப் பத்து நிமிடத்தில் 'ஒன்றே ஒன்று' என்று போகும் ஜம்பை எந்த கோச்சும் விரும்புவதில்லை.

சரி, ஜம்ப்கள் எந்த வரிசையில் திரும்பின? கற்றுக்கொண்ட வரிசையிலேயே திரும்பும் என்று எதிர்பார்த்தேன், அப்படி நடக்கவில்லை. வால்ட்ஸ் ஜம்புக்குப் பிறகு முதலில் வந்தது சால்கோவ். இடது உள் எட்ஜில் பின்னோக்கிப் போகும்போது வலது காலின் வீச்சு நம்மைத் தூக்கிவிடுகிறது, டோ பிக் (பிளேடின் முன்பக்கப் பற்கள்) தேவையில்லை. 1909-இல் ஸ்வீடன்காரர் உல்ரிச் சால்கோவ் செய்து காட்டிய ஜம்ப் இது. த்ரீ டர்ன் முடிந்ததும் ஒரு கணம் பொறுத்து, எட்ஜ் தானாக வளையும்வரை விடுவதுதான் இதன் உயிர். அவசரப்பட்டுத் தோளைத் திருப்பினால் எட்ஜ் அறுந்துவிடும். டோ லூப் அடுத்தது. அதில் ஒரு ஏமாற்று சுலபமாக நுழையும்: டோ பிக்கைக் குத்தியபடியே ஐஸிலேயே அரைச் சுற்றுத் திரும்பிவிட்டுப் பிறகு எழும்புவது. பார்க்க ஜம்ப் மாதிரி இருக்கும். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

லூப்தான் என்னை நீண்ட நாள் காக்க வைத்தது. எழும்புவதும் வலது காலில், இறங்குவதும் அதே வலது காலில். வீச்சுக் கொடுக்க மறுகால் கிடையாது, குத்திக்கொள்ள டோ பிக் கிடையாது. முழங்காலின் மடிப்பும் எட்ஜின் அழுத்தமும்தான் முதலீடு. இடைவெளிக்குப் பிறகு ஒரு காலின் உண்மையான பலம் என்ன என்று தெரிய வேண்டுமா, லூப் சொல்லிவிடும். அதனால் அதை நான் ஒரு சோதனையாகவே வைத்துக்கொண்டேன். சிங்கிள் லூப் அலட்டிக்கொள்ளாமல் வரும்வரை எந்த டபுளையும் தொடவில்லை. இந்த விதியை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

ஃபிளிப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டோ பிக்கை நேர் பின்னால், நீட்டிய காலால் வைத்தால் மற்றது தானாக நடக்கும். லட்ஸ் கதை வேறு. ஆஸ்திரியாவின் அலோய்ஸ் லட்ஸ் பெயரில் இருக்கும் இந்த ஜம்பில் பிளேடு ஒரு வளைவில் போகிறது, உடம்பு அதற்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். இடது வெளி எட்ஜைக் கடைசி வரை பிடித்து வைக்க வேண்டும். விட்டுப் போனவர்களுக்கு, குத்துவதற்குச் சற்று முன்னால் பிளேடு நைசாக உள் எட்ஜுக்குச் சாய்ந்துவிடும். அப்போது அது லட்ஸ் இல்லை, ஃபிளிப்தான். ஜம்பே செய்யாமல், அந்த வெளி எட்ஜில் நீளமாகப் போய் டோ பிக்கைக் குத்தி நின்றுவிடும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தேன். தோள்களும் தலையும் பொறுமையாக இருக்கப் பழகின பிறகுதான் சுற்றைச் சேர்த்தேன்.

ஆக்ஸெலுக்கு வந்தால் பயத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. 1882-இல் நார்வேயின் ஆக்ஸெல் பால்சன் ஸ்பீட் ஸ்கேட் போட்டுக்கொண்டு செய்த ஜம்ப் இது. அந்த ஆறில் முன்னோக்கிப் பார்த்து எழும்பும் ஒரே ஜம்ப், அதனால் சிங்கிளிலேயே ஒன்றரைச் சுற்று. போகிற இடம் கண்ணுக்குத் தெரிவதால்தான் பயமும் அதிகம் என்று நினைக்கிறேன். பயத்தின் வேலை நாம் நினைப்பதைவிடச் சின்னதாகவும் துல்லியமாகவும் நடக்கிறது. கால் எழும்பும், ஆனால் இடது தோள் ஒரு நூலிழை சீக்கிரம் திறக்கும், காற்றில் உடல் பிரிந்துவிடும். ஸ்கேட்டர்கள் 'பாப்' ஆகிவிட்டது என்பது இதைத்தான். இதற்கு எனக்குப் பலன் தந்த ஒரே வழி, முடிவெடுக்கும் இடத்தை முன்னால் தள்ளுவது. எழும்பும் எட்ஜில் கால் வைக்கும் முன்பே செய்வதா வேண்டாமா என்று தீர்மானித்துவிட வேண்டும். எட்ஜ் சரியில்லை என்றால் அங்கேயே விட்டுவிட்டுச் சும்மா சறுக்கிப் போய்விடலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் கால் ஐஸை விட்டபின் மனம் மாறக்கூடாது. முழு மனதோடு செய்து விழுகிற விழுதல் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய் முடிகிறது. பாதி மனதோடு எழும்பியதுதான் அடிபட வைக்கிறது.

ஆக்ஸெலை நான் இரண்டாகப் பிரித்துக் கட்டினேன். வால்ட்ஸ் ஜம்ப் பாதி, பேக் ஸ்பின் பாதி. வால்ட்ஸ் ஜம்ப் செய்து இறங்கிய உடனே அதே வலது காலில் பேக் ஸ்பின்னுக்குள் போவது. இடது பக்கத்திலிருந்து எடை வலது பக்கத்துக்கு மாறும் அந்தக் கணம் ஐஸிலேயே பழகிவிட்டால், அதைக் காற்றில் செய்வது மட்டும்தான் பாக்கி. கோச்சிடம் ஹார்னெஸ் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இடுப்பில் கட்டிய பட்டையை அவர் கோலில் பிடித்துக்கொண்டு கூடவே வருவார். எழும்பத் தயங்கும் உடம்புக்கு 'இது நடக்கும்' என்று காட்ட அது நல்ல வழி. அதையே பிடித்துக்கொண்டு இருந்தால் மட்டும் சொந்த உயரம் வளராது.

விழுவதையும் பழக வேண்டும், இதை வெட்கப்படாமல் செய்யுங்கள். குனிந்து தாழ்வாக, இடுப்பின் பக்கவாட்டில் விழுந்து வழுக்குவது, முகவாயை நெஞ்சோடு சேர்ப்பது, கையை ஊன்றாமல் விரல்களை மடக்கிக்கொள்வது. மணிக்கட்டு உடைவது பெரும்பாலும் ஊன்றுவதால். உள்ளே பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை போட்டுக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை. அது உடம்பைவிட மனதை அதிகம் காக்கிறது. பொதுச் சறுக்கல் நேரத்தில், கூட்டத்துக்கு நடுவில் ஜம்ப் பழகாதீர்கள். பயத்தைக் குறைக்க வேண்டிய வேளையில் குறுக்கே வரும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வயதாகிவிட்டதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு டீன்னா ஸ்டெல்லாட்டோ-டூடெக்கைப் பற்றிச் சொல்வேன். இடுப்புக் காயங்களால் 2001-இல் விட்டவர், 2016-இல் ஜோடிப் பிரிவுக்குத் திரும்பி, 2024-இல் தன் 40 வயதில் உலக சாம்பியன் ஆனார். 2022-இல் 16 வயதில் ஓய்வு அறிவித்த அலிஸா லியூ 2024-இல் திரும்பி, 2025-இல் பாஸ்டனில் உலகப் பட்டம் வென்றார். பெண்களில் முதன்முதலாகப் போட்டியில் டிரிபிள் ஆக்ஸெல் செய்த மிடோரி இத்தோ, 2011-இல் ஜெர்மனியின் ஓபெர்ஸ்டோர்ஃபில் நடந்த பெரியவர்களுக்கான போட்டியில் கலந்துகொண்டார். இவர்களுக்குக் கிடைத்த பயிற்சியும் கவனிப்பும் நமக்கு அமையாது, அது உண்மை. ஆனாலும் இடைவெளி என்பது கதவை மூடிவிடுவதில்லை என்பதற்கு இவர்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது இத்தோவின் திரும்புதல்தான். நிரூபிக்க ஒன்றும் பாக்கியில்லாத ஒருவர், ஆசைக்காக மறுபடி ஐஸில் நிற்கிறார்.

பழைய வீடியோவைப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. மனதுக்காகப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும். எட்ஜின் கோணம், தலை எங்கே பார்க்கிறது, முழங்கால் எவ்வளவு மடிகிறது என்பதற்காகப் பார்த்தால் அது நல்ல கோச். புதிய வீடியோவையும் அப்படித்தான் பார்க்கிறேன், பக்கவாட்டிலிருந்து எடுத்தது, மெதுவாக ஓட்டி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். இறங்கியதை முதலில் பார்ப்பதில்லை. எழும்பிய எட்ஜைப் பார்க்கிறேன்.

இப்போது சிங்கிள்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆக்ஸெல் வாரத்துக்கு வாரம் மாறும், ஆனால் பயம் போய்விட்டது. டபுள் சால்கோவ் இன்னும் ஒரு சுற்றில் கால் பங்குக்கு மேல் குறைகிறது. போட்டியில் அப்படி இறங்கினால் மதிப்பு வெட்டப்படும். அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் டபுளாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சிங்கிள் கணக்குதான். அதனால் இப்போதைக்கு டபுளை ஹார்னெஸில் மட்டும் வைத்திருக்கிறேன். ஐஸில் செய்வது, உயரமான சிங்கிள் சால்கோவ் இறங்கியதும் அப்படியே சிங்கிள் லூப். இரண்டாவது ஜம்புக்கும் முழங்கால் மடிய இடம் மிச்சம் இருந்தால் உயரம் போதும் என்று அர்த்தம். அது தொடர்ந்து வர ஆரம்பித்ததும் ஹார்னெஸைக் கழற்றலாம் என்று கோச்சும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.